முதல் காராகப் பழைய கார் வாங்கலாமா? பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தம்பி, தங்கை, அத்தை பிள்ளைகள், அலுவலக நண்பர்களின் பிள்ளைகள் என்று பலருக்கு முதல் கார் பார்க்கக் கூடவே போயிருக்கிறேன். என் தம்பி திருச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொல்லிக்கொடுத்தது, மீதி நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் ஓட்டப்போகிற, இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய இருபது வயதுக்காரரை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் கார்தானே, கொஞ்சம் கடன் போட்டுப் புதுசாவே வாங்கிட்டா என்ன?

வாங்கலாம், தப்பில்லை. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு புது ஆல்டோ, எஸ்-பிரெஸ்ஸோ போன்றவற்றின் விலையும் நன்றாகவே இறங்கியிருக்கிறது. அதனால் இரண்டு மூன்று வயதுள்ள சிறிய காரைப் புது விலைக்குப் பக்கத்தில் யாராவது சொன்னால் ஷோரூமில் ஒரு கொட்டேஷன் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி குறைவதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனாலும் புதிதாக ஓட்டுகிறவருக்குப் பழைய கார்தான் சரி என்பேன். முதல் ஆறு மாதத்தில் கேட்டில் ஒரு கீறல், தூணில் ஒரு இடி, பார்க்கிங்கில் ஒரு பம்பர் நிச்சயம். புது காரில் அது நடந்தால் வீடே இரண்டு நாள் சாப்பிடாது. பிள்ளையும் பயந்து சாவியைத் தொடமாட்டான். ஏற்கெனவே நாலு கீறல் உள்ள காரில் கை தாராளமாகப் பழகும். மாதாமாதம் டியூ கட்டும் பாரமும் இருக்காது.

அண்ணா, எங்ககிட்ட மூணு லட்சம் இருக்கு. மூணு லட்சத்துக்கும் கார் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குள் கார் பாருங்கள். மீதி ஐம்பதாயிரத்துக்கு வேலை காத்திருக்கிறது: இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், எல்லா ஆயிலும் மாற்றி ஒரு முழு சர்வீஸ், பேட்டரி, பெரும்பாலும் இரண்டு டயராவது. விற்கிறவர் இதையெல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு விற்கமாட்டார். நானாக இருந்தாலும் போடமாட்டேன்.

கையில் இருப்பதை முழுக்கக் காருக்குக் கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடு அடுத்த சம்பளம் வரைக்கும் ஓட்டலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. புதிதாக ஓட்டுகிற பிள்ளை, வழுக்கை டயர், ஐப்பசி மழை, நெடுஞ்சாலை. இந்த நாலும் ஒன்று சேரவே கூடாது.

எந்த மாடல் வாங்கலாம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஒரே ஒரு பெயர் என்றால் வேகன் ஆர். உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும், மூலைகள் எங்கே முடிகின்றன என்று பழகுகிறவருக்குப் புரியும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கைவந்த வண்டி. அதே காரணங்களுக்காக செலிரியோ, ஸ்விஃப்ட், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஐ10, கிராண்ட் ஐ10 எல்லாமே நல்ல தேர்வுதான். 2016-லிருந்து வந்த டாடா டியாகோ இவற்றைவிடக் கனமான, கெட்டியான கார். டொயோட்டா எட்டியோஸ் லிவா பார்வைக்குச் சாதுவாக இருக்கும், ஆனால் எஞ்சின் உழைக்கும் விதத்தைப் பார்த்தால் மதிப்பு வரும்.

விலை குறைவு என்று ஷெவர்லே பீட், டட்சன் கோ பக்கம் போகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். ஷெவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, டட்சன் 2022-ல் நின்றது. ஒரு ஹெட்லைட்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்கும் பொறுமை முதல் கார் வாங்குகிறவரிடம் இருக்காது. 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டின் ஃபிகோவை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கமாட்டேன். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அதற்கு நல்ல சர்வீஸ் இருந்தால் எடுக்கலாம், ஓட்ட அருமையான கார்.

இவ்வளவு சொன்னாலும் கடைசியில் மாடலைவிட முக்கியம் உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு வண்டிதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட ஆல்டோ, சீரழிந்த ஸ்விஃப்டைவிட எத்தனையோ மேல்.

ஏர்பேக் இல்லாத கார் பரவாயில்லையா? ஊருக்குள்ளதானே ஓட்டப்போறான்.

ஊருக்குள்தான் என்று தொடங்குகிற கார் மூன்றாவது மாதம் கொடைக்கானல் போகும். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

இரண்டு தேதிகளை நினைவில் வையுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட எல்லாப் புதுக் கார்களுக்கும், திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமாயின. ஆகவே 2019-ன் இரண்டாம் பாதியிலோ அதற்குப் பிறகோ தயாரான கார் கிடைத்தால் அடிப்படை மாடலில்கூட இவை இருக்கும். பட்ஜெட் அதற்கு எட்டவில்லை என்றால், அதற்கு முந்தைய வருடத்தில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள மேல் வேரியண்ட்டைத் தேடுங்கள். அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இது எவ்வளவு வித்தியாசம் தரும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவுக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்தில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோ நாலு ஸ்டார் வாங்கியது. ஆனால் ஏர்பேக் மட்டும் இருந்தால் எல்லாக் காரும் நாலு ஸ்டார் ஆகிவிடாது, உடல் கட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். 2018-ல் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்த ஸ்விஃப்ட் இரண்டு ஸ்டார்தான் வாங்கியது. டியாகோ 2020-ல் நாலு ஸ்டார், எட்டியோஸ் 2016-ல் நாலு ஸ்டார். நான் வேகன் ஆர் என்று சொன்னது ஊருக்குள் பழகுவதற்கு. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய்வரும் பிள்ளை என்றால் டியாகோவோ எட்டியோஸ் லிவாவோ தேடுங்கள் என்பேன்.

பெட்ரோலா, டீசலா? டீசல் மைலேஜ் கொடுக்குமே?

பெட்ரோல். ஒரு மாதத்தில் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு டீசல் எஞ்சினின் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாது. டர்போ, இன்ஜெக்டர் என்று ஒன்று போனால் ஒரு வருட மைலேஜ் லாபம் ஒரே பில்லில் கரையும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகையை வடிகட்டும் ஃபில்டர் வேறு இருக்கும். டவுனுக்குள் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து வந்த கார்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய காரிலும் ஓடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். மிகப் பழைய காராக இருந்தால் எரிபொருள் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வாங்கினா சீக்கிரம் பழகுமே?

பழகும். 2014 செலிரியோவிலிருந்து சிறிய கார்களிலும் ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு, வந்துவிட்டது. ஆனால் பழைய ஏஎம்டி வாங்கும்போது கியர் மாறும் இடத்தில் காரே தலையாட்டினாலோ, ஏற்றத்தில் பின்னால் நழுவினாலோ விட்டுவிடுங்கள், கியரை மாற்றும் அந்தப் பாகம் விலை அதிகம். கிளட்ச் காரில் கற்றுக்கொண்டவர் பிறகு எதையும் ஓட்டலாம் என்பதால் கால் வலி, மூட்டு வலி போன்ற காரணம் இல்லாதவரை நான் கியர் காரையே சொல்வேன்.

கன்சல்டிங்ல (பழைய கார் வாங்கி விற்கிற கடை) வாங்கறதா, கம்பெனி ஷோரூம்லயா, தெரிஞ்சவங்ககிட்டயா?

முதலில் தெரிந்தவர்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு, ஆபீஸ் என்று யாரிடமாவது முதல் நாளிலிருந்து நீங்கள் பார்த்த கார் விற்பனைக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். அந்தக் காருக்குச் சந்தை விலையைவிடப் பத்து, பதினைந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான்.

அடுத்தது கம்பெனியின் சொந்தப் பழைய கார் ஷோரூம்கள். விலை கூடுதல், ஆனால் சர்வீஸ் விவரம் கையில் கிடைக்கும், கொஞ்சம் வாரண்டியும் தருவார்கள். கன்சல்டிங்கில் நேர்மையானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நூறு வண்டி பார்க்கலாம், விலையும் பேசலாம். என் முதல் காரை நான் ஒரு கன்சல்டிங்கில்தான் வாங்கினேன். பழைய ஓனரின் வங்கிக் கடன் முடியவில்லை என்பதை மறைத்து விற்றுவிட்டார்கள். என் பெயருக்கு மாற்ற ஐந்து மாதம் அலைந்தேன். அதனால் யாரிடம் வாங்கினாலும், மாமாவிடமே வாங்கினாலும், பேப்பர் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள்.

மீட்டர்ல 42,000 கிலோமீட்டர்தான் காட்டுது. நம்பலாமா?

மீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் விவரத்தை நம்புங்கள். வண்டி எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று இருக்கும். ஓனரைக் கூட வைத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். 2019-ல் 61,000-க்கு சர்வீஸ் ஆன கார் இப்போது 42,000 காட்டினால் மேலே பேச ஒன்றுமில்லை, கிளம்பி வந்துவிடுங்கள்.

விவரம் கிடைக்கவில்லை என்றால் காரே சொல்லும். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழவழப்பாகியிருக்கிறதா? ஸ்டியரிங் பளபளக்கிறதா? ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் நசுங்கியிருக்கிறதா? நாற்பதாயிரம் ஓடிய காரில் இவை இப்படி இருக்காது. நேர்மையாக 80,000 ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் காரை வாங்க நான் தயங்கமாட்டேன்.

வண்டி பார்க்கப் போறப்ப என்ன பார்க்கணும்? எனக்கு எஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாது.

தெரியாவிட்டாலும் பாதியை நீங்களே பார்க்கலாம். காலையில் போங்கள், "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே சாவியில் எடுக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டுமே பெரிய செலவு.

அப்புறம் ஏசியை முழுசாக வைத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏசி குளிரவில்லை என்றால் அது கார் இல்லை. வெப்பமானி முள்ளும் ஏறக்கூடாது. பிறகு ஓட்டிப் பாருங்கள், நீங்கள் ஓட்டத் தெரியாதவர் என்றால் தெரிந்தவர் ஓட்டட்டும். வேகத்தடை ஏறி இறங்கும்போது டக் டக் என்று சத்தம், நேர் சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுப்பது, பிரேக் அடித்தால் பெடல் அதிர்வது, கிளட்ச் கல் மாதிரி கனப்பது: ஒவ்வொன்றும் ஒரு தொகை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டை நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேலான டயரை மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். இதெல்லாம் பிடித்திருந்தால் மட்டும் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் கேட்கிற ஐந்நூறோ ஆயிரமோ சந்தோஷமாகக் கொடுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

ஆக்சிடென்ட் ஆன வண்டியா, வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கதவின் ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே தகட்டில் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். அங்கே வரிசை கலைந்து, பட்டி பூசி, பெயிண்ட் மேடு தட்டினால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்டது. பானட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்ட தடம், ஒரு கண்ணாடியில் மட்டும் வேறு வருடக் குறி, இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் புதுசு என்று நிறைய தடயம் கிடைக்கும். பம்பர், கதவு அடிபட்டு டிங்கரிங் செய்திருந்தால் கவலை இல்லை. முன்னால் சேசிஸ் கால் (எஞ்சினைத் தாங்கும் நீளச் சட்டம்), ஏப்ரன் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) அடிபட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்த மோதலில் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய இடங்கள் அவை.

வெள்ள வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்று நீர்க் கோடு அங்கே கழுவப்படாமல் இருக்கும். கால் மிதியின் கீழே கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியில் வண்டல் மண்ணும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிடம் வெயிலில் விட்டுக் கதவைத் திறந்தால் ஈர நாற்றம் அடிக்கும். தூக்கலான சென்ட் வாசனை அடித்தாலும் சந்தேகப்படுங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உதவும்.

சரி, வண்டி பிடிச்சிருக்கு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பேப்பர் பார்க்கணும்?

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு ஆர்.சி.யைக் கையில் வாங்கி, அதில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண்ணை வண்டியில் பதித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் இணையதளத்தில் பாருங்கள்.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் பணம். "அடுத்த வாரம் தர்றேன்" என்றால் பணமும் அடுத்த வாரம். என் முதல் காரில் நான் விட்டது இந்த ஒரு படிவத்தைத்தான்.

பேர் மாத்த வேண்டாம், ஓப்பன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டா போதும்னு சொல்றாங்களே?

போதாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேதி, பெயர் எழுதாமல் கையெழுத்து வாங்கி அப்படியே ஓட்டுவது பழைய பழக்கம். விற்றவர் இறந்தாலோ, ஊர் மாறினாலோ, மனம் மாறினாலோ நீங்கள் நடுத்தெருவில். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்கிறவருக்கு இதில் இன்னும் பெரிய ஆபத்து. ஒரு கார் பெயர் மாறாமலே கைமாறிக் கைமாறிப் போய் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. விற்பவர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள், அவரே உங்களை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அழைத்துப் போவார். நான் எப்போதும் ஒரு பத்தாயிரமாவது நிறுத்தி வைத்து, பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான ரசீதைப் பார்த்த பிறகே கொடுப்பேன். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது.

இன்சூரன்ஸ் அப்படியே மாறிடுமா? வண்டியை அப்பா பேர்ல வாங்கறதா, பையன் பேர்லயா?

மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி காரோடு உங்களுக்கு வரும். ஆனால் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, அவரோடு போய்விடும். அது ஆளுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் இளம் ஓட்டுநர் என்றால் பிரீமியம் பலமடங்கு ஏறும் என்று கேள்விப்பட்டுப் பயப்படுகிறார்கள். இங்கே மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. இதில் பையன் வயதுக்கு இடமில்லை. சிறிய எஞ்சின் வாங்க இதுவும் ஒரு காரணம்.

யார் பெயரில் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனராக இருந்து ஓட்டுகிறவருக்கு மட்டும். கார் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால் அந்தத் தொகை மகனுக்குக் கிடைக்காது. தினமும் ஓட்டப்போவது பிள்ளைதான் என்றால் அவர் பெயரிலேயே வாங்குங்கள். அப்பா பெயரில்தான் என்றால் பிள்ளைக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருதாம். பாண்டிச்சேரி வண்டியும் மலிவு. எடுக்கலாமா?

டெல்லியில் 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் கொண்டுவந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து கார்கள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வண்டி விலையோடு கணக்கு முடிவதில்லை. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுக்கான ஆயுட்கால வரி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அதோடு யாரிடம் சர்வீஸ் ஆனது, எப்படி ஓடியது என்று விசாரிக்க அங்கே நமக்கு ஆள் இல்லை.

புதுச்சேரி வண்டிக்கும் இதே கணக்குத்தான். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். "பி.ஒய். நம்பர்லயே ஓட்டிக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க" என்கிற பேச்சை முதல் கார் வாங்கும் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

டி போர்டா ஓடி ஓன் போர்டு ஆன வண்டி? பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு.

டாக்சியாக ஓடியதை முன்பே சொல்லி, அதற்கேற்ற விலையும் சொன்னால் யோசிக்கலாம். மறைத்தால் வேண்டாம். எட்டியோஸ், டிசையர் செடான்களில் இது அதிகம். ஆர்.சி. விவரத்தில் வகை மாற்றம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். மஞ்சள் நம்பர் பிளேட்டின் தடம் சில நேரம் பம்பரில் இருக்கும். பெடல், சீட் பற்றி மேலே மீட்டர் கேள்வியில் சொன்னதெல்லாம் இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

பதினாலு வருஷ வண்டி ஒண்ணு ஒரு லட்சத்துக்கு வருது. 15 வருஷம் ஆனா ஸ்கிராப்தானே?

தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி இல்லை. ஆர்.சி. 15 வருடத்துக்குத் தருகிறார்கள். முடிந்ததும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் முடிந்த காரின் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. எஃப்.சி.க்குத் தயார் செய்ய டிங்கரிங், பெயிண்டிங் செலவும் வரும். முதலில் தயங்காமல் கற்றுக்கொள்ள மட்டும் என்றால் நல்ல மெக்கானிக் பார்த்து எடுக்கலாம். ஆனால் அந்த வயதுக் காரில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருப்பது அரிது, நெடுஞ்சாலைக்கு அனுப்பாதீர்கள்.

விலை எப்படிப் பேசறது? எனக்குப் பேசவே வராது.

எழுதி வைத்த பட்டியல் உங்களுக்காகப் பேசும். "டயர் ரெண்டு, சஸ்பென்ஷன் சத்தம், இன்சூரன்ஸ் அடுத்த மாசம் முடியுது" என்று ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொன்ன தொகையைச் சொன்னால் போதும், குரல் உயர்த்த வேண்டியதில்லை. அதே மாடல், அதே வருடம், அதே வேரியண்ட் கார்கள் மூன்று நாலுக்கு என்ன கேட்கிறார்கள் என்று முன்பே பார்த்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கார் வாங்க நம் மக்கள் தயங்குவதால் அப்போது கன்சல்டிங்குகளில் கூட்டம் குறைவு, பேச இடம் அதிகம். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றால் அந்த மாதங்களில் போங்கள்.

பையனை முதல் தடவை அழைத்துப் போகாதீர்கள். அவன் கண்ணில் ஆசை தெரிந்த நிமிடம் பேரம் முடிந்தது.

பையனுக்குப் பதினேழரை வயசு. தெருவுக்குள்ள மட்டும் ஓட்டட்டுமே?

கூடாது. 2019 சட்டத் திருத்தத்தின்படி 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஆறு மாதம் பொறுங்கள். அந்த நேரத்தில் கார் தேடலாம், நல்ல கார் கிடைக்க அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும்.

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. முதல் வாரம் என்ன செய்யணும்?

கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்றாலும் மாற்றுங்கள், இனி கணக்கு உங்களிடமிருந்து தொடங்கட்டும். பிரேக் பேடைக் கண்ணால் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பழைய ஓனரின் ஃபாஸ்டேகைக் கழற்றிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும்போது, பிள்ளையே ஸ்டெப்னி மாற்றட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள். என் தங்கைக்கு முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு மாதம் கழித்து விராலிமலை அருகே இரவு எட்டு மணிக்கு பஞ்சர் ஆனபோது இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டு எனக்கு போன் செய்தாள்.